சாமுவேல் என்னும் பெயர்: 1 சாமுவேல் 1:20ஐக் குறித்து ஓர் ஆய்வு

பழைய ஏற்பாட்டுப் பெயர்களுள் சாமுவேல் என்பதைப் போல் நம் திருச்சபைகளில் வேரூன்றிய பெயர்கள் சிலவே. பிள்ளை வேண்டி நெடுநாள் மன்றாடிய பெற்றோர் அன்னாளை நினைத்து இப்பெயரை விரும்பித் தெரிந்துகொள்கின்றனர். திருமுழுக்குக்கு முன் அவர்கள் ஆயரிடம் அதன் பொருளை வினவினால், அவர் கூறும் மறுமொழி அவர் கையிலுள்ள நூலைப் பொறுத்து வேறுபடும். 'கடவுளிடம் கேட்கப்பட்டவன்' என்பது ஒரு நூல்; 'கடவுள் செவிகொடுத்தார்' என்பது மற்றொன்று; 'கடவுளின் நாமம்' என்பது பிறிதொன்று. மூன்றும் சொற்பிறப்பு என்ற வகையில் ஒருங்கே மெய்யாதல் இயலாது. எபிரெயம் பயிலத் தொடங்கும் மாணவன் அகராதியைத் திறந்தவுடனே இதைக் கண்டுகொள்கிறான். கண்டவன் ஒன்று, திருமறை ஆக்கியோனுக்கு எபிரெயம் தெரியவில்லை என்று நகைக்கிறான்; அல்லது, அகராதியை மூடிவைத்துவிட்டுத் தான் கண்டதைப் பிரசங்க மேடையில் ஒருபோதும் சொல்லாதிருக்கத் தீர்மானிக்கிறான். இரண்டும் ஆயர் பணிக்கு நல்ல தொடக்கமல்ல. ஆதலின் இந்த ஒரு பெயரையும், அதற்கு விளக்கமாக நிற்கும் ஒரு வசனத்தையும் சற்று நிதானமாக ஆராய்தல் நலம்.

எபிரெயத்தில் இப்பெயர் ஷெமூஏல் என ஒலிக்கும். நாம் 'சா' என்று தொடங்குவதற்குக் காரணம், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவசிந்தா அதனைச் சமூஏல் என எழுதியமையும், இலத்தீனும் ஐரோப்பிய மொழிகளும் அவ்வழியே சென்றமையுமாகும். நடுவிலுள்ள வகரமோ முற்றிலும் நம்முடையது. உகரத்தின் பின் ஏகாரம் வந்தால் தமிழ் வகர உடம்படுமெய்யை வேண்டும். இகரத்தின் பின் யகரத்தை வேண்டும். எனவேதான் சாமுவேல், இம்மானுவேல் என்கிறோம். தானியேல், கபிரியேல் என்கிறோம். சாமுவேலில் வேல் என்னும் படைக்கலத்தைக் காண்பது தமிழ்ச் செவிக்கு எளிது. ஆனால் அங்கே வேலும் இல்லை, வேலனும் இல்லை. ஒலி ஒப்புமை ஒரு சொல்லை மற்றொரு சொல்லின் அருகே கொண்டுவந்து நிறுத்தும் இந்த இயல்பை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வாராக. பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

1 சாமுவேல் 1:20இல் அன்னாள் தன் மகனுக்குப் பெயரிட்டு, யாவேயிடம் அவனைக் கேட்டதனால் அவ்வாறு பெயரிட்டதாகக் கூறுகிறாள். 'கேட்டேன்' என்பதற்கு அங்கு நிற்கும் வினையின் வேர் ஷீன், ஆலெப், லாமேட் என்னும் மூன்றெழுத்துகளாலாயது; ஷாஅல் என்பது அதன் அடிப்படை வடிவம். வேண்டுதல், வினவுதல், இரத்தல் ஆகியவை அதன் பொருள்கள். சிக்கல் இங்கேதான் எழுகிறது. ஷாஅல் என்னும் வேரிலிருந்து ஷெமூஏல் என்னும் பெயர் பிறப்பதற்கு எபிரெய இலக்கணத்தில் வழியில்லை. பெயரின் நடுவிலுள்ள மகரம் அவ்வேரில் இல்லை. இந்த வேரைக் கொண்டு ஒரு மகனுக்குப் பெயரிட அன்னாள் விரும்பியிருந்தால் மொழியில் ஆயத்தமான பெயர் ஒன்று இருந்தது. 'கடவுளை வேண்டினேன்' என்று வெளிப்படையாகப் பொருள்படும் ஷெஅல்த்தீயேல் என்பதே அது. எஸ்றா 3:2இல் செருபாபேலின் தகப்பனாகவும், மத்தேயு எழுதிய நற்செய்தியின் வம்ச அட்டவணையில் சலாத்தியேலாகவும் நாம் காண்பவர் அப்பெயரினர்.

அப்படியாயின் 'செவிகொடுத்தல்' என்னும் பொருளுடைய ஷாமா என்ற வேர் பொருந்துமா? மகரம் அதில் உண்டு, பொருளும் இனியது. ஆயினும் அவ்வேரின் மூன்றாம் எழுத்து ஆயின். தொண்டையின் ஆழத்தில் பிறக்கும் இவ்வெழுத்து எபிரெயப் பெயர்களில் எளிதில் மறைவதில்லை. இஸ்மவேல் என்னும் பெயரில் அது நிற்கிறது, செமாயாவில் நிற்கிறது, எலிஷாமாவில் நிற்கிறது, சிமியோனிலும் நிற்கிறது. ஷெமூஏலில் மட்டும் சுவடின்றி மறைந்தது என்பதற்குச் சான்று வேண்டும்; அது கிடைக்கவில்லை. சாமுவேல் நூலின் எபிரெய பாடத்தைக் குறித்து 1890இல் தம் குறிப்புகளை வெளியிட்ட எஸ். ஆர். டிரைவர் இக்காரணத்தாலேயே இவ்விளக்கத்தை மறுத்தார். பெயரகராதிகள் பலவற்றில் இன்றும் அது நீங்காமல் இருப்பது வியப்பே.

எஞ்சுவது ஷெம் என்னும் பெயர்ச்சொல். அதற்கு 'நாமம்' என்பது பொருள். ஷெமூ என்பதன் இறுதி உகரம் பழைய எழுவாய் வேற்றுமை விகுதியின் எச்சம் எனக் கொண்டால், பெயர் 'கடவுளின் நாமம்' என்றாகும். 'அவருடைய' என்னும் உடைமைப் பொருளின் எச்சம் எனக் கொண்டால் 'அவருடைய நாமம் ஏல்' என்றாகும். பெனூவேல், ரெகுவேல் ஆகிய பெயர்கள் இதே அமைப்புடையன. முன்னையது 'கடவுளின் முகம்', பின்னையது 'கடவுளின் தோழன்'. மேலும், இவ்வகைப் பெயர்கள் இஸ்ரவேலுக்கு வெளியிலும் மிகத் தொன்மையானவை. கி.மு. 19ஆம் நூற்றாண்டில் பாபிலோனின் முதல் அரச மரபைத் தோற்றுவித்தவன் சூமு-அபூம். அவனுக்குப் பின் ஆண்டவன் சூமு-லா-எல். அம்முராபியும் இம்மரபினனே. இவர்கள் அமோரிய இனத்தார். இவர்தம் பெயர்களிலுள்ள சூமு எபிரெய ஷெம் என்பதன் உறவுச் சொல். 'நாமம்' என்பது தெய்வத்தையே மறைமுகமாகச் சுட்டி நின்றது என அறிஞர் பலர் கருதுவர். இஸ்ரவேலிலும் அன்னாளின் மகன் ஒருவனே இப்பெயரைத் தாங்கியவனல்லன். எண்ணாகமம் 34:20 சிமியோன் கோத்திரத்திலும், 1 நாளாகமம் 7:2 இசக்கார் கோத்திரத்திலும் வேறு இருவரைக் குறிப்பிடுகின்றன. ஆகவே அன்னாள் புதிதாக ஒரு பெயரைப் படைக்கவில்லை. வழக்கிலிருந்த பழம்பெயர் ஒன்றை எடுத்துத் தன் வாழ்வின் செய்தியை அதனோடு பிணைத்தாள்.

பண்டைய உரைகாரரும் இம்முடிச்சை உணர்ந்தே இருந்தனர். யோசேபு தம் யூதத் தொல்வரலாற்றில் இப்பெயருக்குக் 'கடவுளிடம் வேண்டிப் பெறப்பட்டவன்' என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லைத் தந்து, வசனத்தின் வழியே செல்கிறார். அலெக்சந்திரியாவின் பிலோ 'கடவுளுக்கென நியமிக்கப்பட்டவன்' என்று தத்துவ நெறியில் விளக்குகிறார். எரோனிமு எபிரெயப் பெயர்களைப் பற்றிய தம் நூலில் 'அவருடைய நாமம் கடவுள்' என்று எழுதினார். இன்றைய ஆய்வுக்கு மிக அண்மையில் நிற்பவர் இவரே. 1235இல் மறைந்த யூத இலக்கண ஆசிரியர் தாவீது கிம்கி வசனத்தையும் இலக்கணத்தையும் இணைக்க முயன்று, 'ஷாஊல் மே-ஏல்', அதாவது 'கடவுளிடமிருந்து கேட்கப்பட்டவன்' என்ற தொடரின் குறுக்கமே ஷெமூஏல் என்றார். இலக்கண நெறிப்படி இது செல்லாது. ஆனால் செவி நெறிப்படி கிம்கி மிக நுட்பமான ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். எழுத்தெண்ணிப் பாருங்கள். ஷாஊல் என்பது ஷீன், ஆலெப், வாவ், லாமேட் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்படும். ஷெமூஏல் என்பதில் இந்நான்கும் உள்ளன. கூடுதலாக இருப்பது மேம் ஒன்றே.

ஷாஊல் என்பது யார் என்று சொல்ல வேண்டுவதில்லை. இஸ்ரவேலின் முதல் அரசனாகிய சவுல் அவன். அவன் பெயருக்குக் 'கேட்கப்பட்டவன்' என்பதே பொருள். அதில் எவ்வித ஐயமுமில்லை. முதலாம் அதிகாரத்தில் ஷாஅல் என்னும் வேர் ஏழு முறை வருகிறது. 17ஆம் வசனத்தில் ஏலியின் வாயில் இருமுறை, 20இல் ஒருமுறை, 27இல் இருமுறை, 28இல் இருமுறை. உச்சமாக 28ஆம் வசனத்தில், பிள்ளையைச் சீலோவில் விட்டுச் செல்லும் தாய், இவன் யாவேக்கு 'ஷாஊல்' என்கிறாள். அரசனின் பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் அங்கே நிற்கிறது! எபிரெயத்தில் இதைக் கேட்ட எவரும் கிபியாவின் சவுலை நினையாதிருக்க முடியாது.

இதனால் எழுந்ததே, இப்பிறப்பு வரலாறு ஆதியில் சவுலைப் பற்றியது என்றும், பிற்காலத்தார் அதனைச் சாமுவேலுக்கு மாற்றிவிட்டனர் என்றும் கூறும் கொள்கை. 1932இல் ஈவார் ஹிலாந்தர் சாமுவேல், சவுல் மரபுகளை ஆராய்ந்த நூலில் இதனை விரிவாக வாதித்தார். அதன்பின் உரைநூல்கள் பலவும் இதனை எடுத்துப் பேசின. இக்கொள்கையினர் காட்டும் சான்றுகள் அற்பமானவையல்ல. 1:1இல் எல்க்கானாவும் 9:1இல் கீசும் ஒரே வாய்பாட்டில், நான்கு முன்னோர் பெயர்களுடன் அறிமுகமாகின்றனர். சவரகன் கத்தி தலையில் படலாகாது என்னும் பொருத்தனை சிம்சோனை நினைவூட்டுகிறது. நசரேயனாகிய வீரன் என்பது தீர்க்கதரிசியைவிடப் போர்க்களத்துச் சவுலுக்கே பொருந்தும் என்பர். கும்ரான் நான்காம் குகையில் 1952இல் கிடைத்த சாமுவேல் சுருள், 1:22இல் 'நசரேயன்' என்னும் சொல்லையே வெளிப்படையாகத் தருகிறது. அதன் முழுப் பதிப்பு 2005இல் வெளிவந்தது. மேலும், 14:3இல் ஏலியின் வழிவந்த ஆசாரியன் ஒருவன் சவுலோடிருப்பதையும் காட்டுவர்.

இருப்பினும் இக்கொள்கையை ஏற்கத் தயங்குகிறேன். எபிரெய பாடமோ, கிரேக்க மொழிபெயர்ப்போ, கும்ரான் சுருளோ, யோசேபுவோ, எங்கும் இவ்விடத்தில் சவுலின் பெயர் இல்லை. ராமாவும் சீலோவும் ஏலியும் ஆண்டுதோறும் தாய் தைத்துக் கொண்டுவரும் சிறு மேலங்கியும் சாமுவேலோடு பின்னிக் கிடக்கின்றன. அவற்றை உருவியெடுத்தால் கதையே எஞ்சாது. தொகுப்பாசிரியர் ஒருவர் ஒரு கதையைக் கைமாற்றும் அளவுக்குத் துணிவுடையவராயின், ஏழுமுறை வரும் சொல்லையும், சவுலின் பெயரையே அப்பட்டமாகக் காட்டும் 28ஆம் வசனத்தையும் மாற்றாமல் விட்டுவைத்தது எங்ஙனம்? கள்வன் திருடிய பசுவின் சூட்டுக்குறியை அழிக்காமல் சந்தைக்குக் கொண்டுவந்தான் என்பது போலிருக்கிறது இது. அச்சொல் அங்கே மறதியால் நிற்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்தப்பட்டிருக்கிறது என்று கொள்வதே பொருத்தம். 1989இல் ராபர்ட் போல்சின் தம் நூலில் இத்திசையில் சென்றார். பிள்ளை கேட்கும் பெண்ணின் கதை, அரசனைக் கேட்கும் மக்களின் கதைக்கு முன்னறிவிப்பு என்பது அவர் வாசிப்பு.

நூலை இக்கண்ணோட்டத்தோடு தொடர்ந்து வாசித்தால் கேட்டல், செவிகொடுத்தல் என்னும் இரு வேர்களும் ஊடும் பாவுமாக ஓடுவதைக் காணலாம். முதல் அதிகாரத்தில் ஷாமா என்னும் வேர் ஒரேயொரு முறை, அதுவும் எதிர்மறையில் வருகிறது. 13ஆம் வசனத்தில் அன்னாளின் உதடுகள் அசைந்தன, அவள் குரலோ செவிப்படவில்லை. ஆசாரியன் அவளைக் குடிவெறி கொண்டவள் என்று எண்ணினான். கடவுள் அவளுக்குச் செவிகொடுத்தார் என்று ஆசிரியர் எழுதியிருக்கலாம்; ஆதியாகமத்தில் ஆகாருக்கும் லேயாளுக்கும் அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் இங்கு 19ஆம் வசனம் யாவே அவளை நினைவுகூர்ந்தார் என்கிறது. செவிகொடுத்தல் என்னும் சொல்லை ஆசிரியர் சேமித்து வைக்கிறார். ஏலியின் குமாரர் தகப்பன் சொல்லைக் கேளாத இடத்தில் அதை எடுத்து, மூன்றாம் அதிகாரத்தில் இரவில் விழித்தெழுந்த பிள்ளையின் மறுமொழியில் முழுமையாகச் செலவிடுகிறார். கேட்கப்பட்ட பிள்ளை இப்போது கேட்கும் பிள்ளையாகிறான்.

எட்டாம் அதிகாரத்தில் இரு வேர்களும் எதிரெதிரே நிற்கின்றன. மக்கள் அரசனைக் 'கேட்கிறவர்கள்' (8:10). அவர்கள் குரலுக்குச் 'செவிகொடு' என்று யாவே சாமுவேலிடம் மூன்று முறை சொல்கிறார் (8:7, 9, 22). அவர்களோ சாமுவேலின் குரலுக்குச் செவிகொடுக்க மறுக்கின்றனர் (8:19). பன்னிரண்டாம் அதிகாரத்தில், நீங்கள் கேட்ட அரசன் இதோ என்று முதிர்ந்த சாமுவேல் சொல்லும்போது, எபிரெயத்தில் அது அரசனின் பெயரை விரித்துச் சொன்னதாகவே ஒலிக்கும். பதினைந்தாம் அதிகாரம் முழுவதும் செவியைப் பற்றியது. அமலேக்கியரின் ஆடுகள் கத்தும் ஓசை சாமுவேலின் காதில் விழுகிறது. பலியைக் காட்டிலும் செவிகொடுத்தலே மேல் என்கிறார். சவுலோ மக்களின் குரலுக்குச் செவிகொடுத்தேன் என்று ஒப்புக்கொள்கிறான்.

இந்நிலையில் அன்னாளின் வாக்கைச் 'சொற்பிறப்புப் பிழை' என்று குறை கூறுவோர், அது சொற்பிறப்பு கூற எழுந்த வாக்கு என்று தாமே முடிவு செய்துகொள்கின்றனர். இப்பெயருக்கு இது பொருள் என்று வசனம் சொல்லவில்லை. இக்காரணத்தால் பெயரிட்டாள் என்றே சொல்கிறது. பழைய ஏற்பாட்டில் இவ்வழக்கு பரவலானது. நோவா என்பது இளைப்பாறுதலின் வேரோடு தொடர்புடையது. லாமேக்கோ ஆதியாகமம் 5:29இல் தேற்றுதல் என்னும் வேறொரு வேரைக் கையாள்கிறான். 1 நாளாகமம் 4:9இல் யாபேசின் தாய் துக்கம் என்னும் சொல்லின் எழுத்துகளை இடம் மாற்றியே பெயரிடுகிறாள். பாபேல் அந்நாட்டு மொழியில் 'கடவுளின் வாயில்'. ஆதியாகமம் 11:9 அதில் குழப்பத்தைக் கேட்கிறது. இவையெல்லாம் அகராதி ஆசிரியரின் வேலையல்ல. பெயரில் ஒலிக்கும் ஒலியைப் பற்றிக்கொண்டு, கடவுள் செய்ததை அறிக்கையிடும் முறை. சொல்லின் வேரிலேயே அதன் இறையியல் அடங்கியிருக்கிறது என்று கருதும் வழக்கத்தை ஜேம்ஸ் பார் 1961இல் வன்மையாகக் கண்டித்தார். அவர் கண்டனம் நம் பிரசங்கங்களை இன்னும் போதிய அளவு எட்டவில்லை என்றே தோன்றுகிறது.

'கடவுளின் நாமம்' என்ற மெய்யான சொற்பிறப்பு அதனால் பயனற்றதாகிவிடாது. எரேமியா 7:12, யாவே தம் நாமத்தை முதன்முதல் விளங்கச் செய்த இடம் சீலோ என்கிறது. அச்சீலோவில் வளர்ந்தவன் நாமத்தைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தான். நூலாசிரியர் இத்தொடர்பைக் கருதினார் என்று நான் சாதிக்கமாட்டேன், அதற்குச் சான்றில்லை.

இனி, நம் மொழியைப் பற்றி ஒன்று கூற வேண்டும். எபிரெயத்தில் ஷாஅலும் ஷாமாவும் வெவ்வேறு வேர்கள். கிரேக்கத்திலும் இலத்தீனிலும் ஆங்கிலத்திலும் அவ்வாறே. தமிழிலோ 'கேள்' என்னும் ஒரு வினையே இரண்டையும் தாங்குகிறது. அன்னாளும் கேட்டாள், கடவுளும் கேட்டார். திருக்குறளின் 42ஆம் அதிகாரத் தலைப்பாகிய 'கேள்வி' செவியால் கற்றலைக் குறிக்கிறது. இன்றைய வழக்கில் அதே சொல் வினாவைக் குறிக்கிறது. இதனால் தமிழ் வாசகனுக்கு 1:20இல் முரண் எதுவும் உறுத்துவதில்லை. பெயருக்குக் 'கடவுள் கேட்டார்' என்று யாரோ சொல்ல, வசனத்தில் 'கேட்டேன்' என்று இருக்க, இரண்டும் ஒன்றே என எண்ணி அவன் கடந்து செல்கிறான். இது ஒரு பேறு, ஓர் இடரும்கூட. பேறு, அன்னாளின் விண்ணப்பமும் கடவுளின் இரக்கமும் ஒரே சொல்லில் சந்திப்பது. இடர், நூல் முழுவதிலும் ஆசிரியர் எதிரெதிரே நிறுத்தும் இரு கேட்டல்களின் வேறுபாடு நமக்கு மழுங்கிப்போவது. 28ஆம் வசனத்தில் இன்னொரு இழப்பும் உண்டு. அங்கே 'கேட்டல்' என்னும் வினையின் பிறவினை வடிவம் கொடுத்தலைக் குறிக்கிறது. இவ்வடிவம் பழைய ஏற்பாட்டில் இங்கும், எகிப்தியர் இஸ்ரவேலர் கேட்டதைக் கொடுத்தனுப்பிய யாத்திராகமம் 12:36இலும் மட்டுமே வருகிறது. நம் திருமறை அதனை 'ஒப்புக்கொடுத்தல்' என்று பெயர்க்கிறது. பொருள் சரியே, எனினும் கேட்டலும் கொடுத்தலும் ஒரே வேர் என்பது மறைந்துவிடுகிறது. தான் கேட்டவனையே கேட்டவருக்குக் கேளாமற் கொடுத்தாள் என்று விரித்துச் சொல்ல ஆயரால்தான் இயலும்.

கேட்டல் என்னும் வேரின் துயரமான முடிவு 28ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெலிஸ்தர் சேனையைக் கண்டு நடுங்கிய சவுல் யாவேயிடம் கேட்கிறான். வினையும் பெயரும் ஒரே ஒலியாக இணைந்து நிற்கின்றன. கனவாலும் ஊரீமாலும் தீர்க்கதரிசிகளாலும் மறுமொழி இல்லை. அவன் எந்தோருக்குப் போய், இறந்த சாமுவேலை எழுப்பச் செய்கிறான். எழும்பி வந்தவரும் அவனிடம், என்னிடம் ஏன் கேட்கிறாய் என்று வினவுகிறார். உயிர்க்குறிகள் இடப்படாத பழைய எழுத்தில் ஷாஊல் என்னும் அரசன் பெயரையும், பாதாளமாகிய ஷெஓல் என்னும் சொல்லையும் ஒரே எழுத்துகளால் எழுதலாகும். பாதாளத்தில் இறக்குகிறவரும் அதிலிருந்து ஏறப்பண்ணுகிறவரும் யாவேயே என்று அன்னாள் தன் பாடலில் முன்னரே கூறியிருந்தாள். நாளாகமத்தின் ஆசிரியரும் இவ்வொலியைத் தவறவிடவில்லை. 1 நாளாகமம் 10:13, 14இல் சவுல் மாண்டதற்குக் காரணங்களுள் ஒன்றாக, அவன் அஞ்சனம் பார்ப்பவளிடம் கேட்டதைக் கூறுகிறார்.

புதிய ஏற்பாட்டில் பென்யமீன் கோத்திரத்தானாகிய இன்னொரு சவுல் உண்டு. அப்போஸ்தலர் 13:9இல் அவர் பவுல் என்று அழைக்கப்படத் தொடங்குகிறார். அதே அதிகாரத்தில், பிசீதியாவின் அந்தியோகியாவிலுள்ள தொழுகைக்கூடத்தில் எழுந்து நின்று, சாமுவேல் தீர்க்கதரிசியைக் குறிப்பிட்டு, மக்கள் ஓர் அரசனைக் கேட்டனர், கடவுள் அவர்களுக்குக் கீசின் மகன் சவுலைக் கொடுத்தார் என்கிறார் (13:20, 21). 'கேட்டனர்' என்பதற்கு லூக்கா எழுதும் கிரேக்க வினை, செப்துவசிந்தாவில் அன்னாள் கூறும் அதே வினையே.